நிலையும் நோக்கமும்: இத்தாலிய மொழிக் கற்றலை முன்வைத்து

முன்னுரை

பிறமொழி ஒன்றைக் கற்க வருபவரிடம் பயிற்சி நிலையங்கள் முதலில் கேட்கும் வினா, 'எந்த நிலையில் இருக்கிறீர்கள்?' என்பதாகும். தொடக்க நிலையா, இடைநிலையா, உயர்நிலையா என்று அறிந்து அதற்குரிய வகுப்பில் அவரை அமர்த்துவர். 'எதற்காகக் கற்கிறீர்கள்?' என்னும் வினா பெரும்பாலும் பதிவுப் படிவத்தின் அடியில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது. அவ்வரியில் கற்பவர் என்ன எழுதினாலும் பாடத்திட்டம் மாறுவதில்லை. இவ்விரு வினாக்களுள் இரண்டாவதே முதலாவதற்குப் பொருள் தருகிறது என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விழைவது.

இதனை விளக்குவதற்கு இத்தாலிய மொழியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. உலக வணிகத்திற்கு இன்றியமையாதது என்று எண்ணி இத்தாலியத்தைக் கற்பவர் மிகச் சிலரே. இத்தாலி, சான் மரினோ ஆகிய நாடுகளிலும் சுவிட்சர்லாந்தின் ஒரு பகுதியிலும் அது அரசு மொழியாக வழங்குகிறது. அவ்வெல்லைக்கு வெளியே அதனைக் கற்போர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு காரணம் கொண்டே வருகின்றனர். ஒருவர் இசைநாடகப் பாடல்களைப் பாட வேண்டும். ஒருவர் தாந்தேயை மூலத்தில் படிக்க வேண்டும். ஒருவர் மிலான் பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டடக்கலை பயில வேண்டும். மற்றொருவர் ஒரு முதியவரின் வீட்டில் தங்கி அவருக்கு மருந்து கொடுத்து, உணவூட்டி, தம் குடும்பத்தைக் காக்க வேண்டும். இந்நால்வரும் ஒரே பாடநூலுடன் ஒரே வகுப்பில் அமரக்கூடும். ஆயினும் ஒருவர்க்கு முதல் வாரத்திலேயே வேண்டுவது மற்றவர்க்கு வாழ்நாள் முழுவதும் வேண்டாததாக இருக்கலாம்.

இத்தாலியரே கற்ற மொழி

இத்தாலியத்தை இத்தாலியரே கற்க வேண்டியிருந்தது என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். 1861ஆம் ஆண்டு இத்தாலிய அரசு அறிவிக்கப்பட்ட காலத்தில் அந்நாட்டு மக்களுள் இத்தாலியம் அறிந்திருந்தோர் எத்தனை பேர் என்பது மொழியியலாரிடையே நெடுநாள் வழங்கிய வினா. துல்லியோ தே மௌரோ 1963இல் வெளியிட்ட நூலில் 2.5 விழுக்காட்டினர் என்று கணித்தார். 1982இல் அர்ரிகோ கஸ்தெல்லானி ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் என்றார். இருவரும் கையாண்ட சான்றுகளில் பெரிய முரண்பாடு இல்லை. கணக்கு நான்கு மடங்கு வேறுபட்டதற்குக் காரணம் 'அறிதல்' என்னும் சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருளே. தே மௌரோ பள்ளிக் கல்வியின்வழி அம்மொழியைக் கையாள வல்லவரானோரையே முதன்மையாக எண்ணினார். கஸ்தெல்லானியோ, பள்ளி வாயிலை மிதியாதவராயினும், தம் வீட்டுப் பேச்சே இலக்கிய இத்தாலியத்திற்கு அடிப்படையாக அமைந்த தொஸ்கானாப் பகுதி மக்களையும் சேர்த்துக்கொண்டார். மொழியறிவை அளக்கும் எந்த எண்ணும் முன்னரே ஒரு நோக்கத்தைத் தன்னுள் கொண்டிருக்கிறது என்பதற்கு இதனைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனியின் வரலாறும் ஈண்டு எண்ணத்தக்கது. 1785இல் மிலானில் பிறந்த அவர் பேச்சில் மிலானியக் கிளைமொழியையும் பிரெஞ்சையும் வழங்கியவர். 1827இல் வெளிவந்த தம் பெரும் புதினத்தின் மொழி நூல்களிலிருந்து திரட்டப்பட்டதாக இருக்கிறது என்று மனநிறைவின்றி, அவ்வாண்டே ஃபுளோரன்ஸ் நகருக்குச் சென்றார். அந்நகர்க் கற்றோரின் உயிருள்ள பேச்சைக் கேட்டறிந்து, நூல் முழுவதையும் சொல் சொல்லாகத் திருத்தினார். அவர் இல்லத்தில் பணியாற்றிய எமிலியா லூத்தி என்னும் ஃபுளோரன்ஸ் பெண்மணியிடமும் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். திருத்திய பதிப்பு 1840 முதல் 1842 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அந்நாளைய அறிஞர் எவரும் மன்ஸோனியை இத்தாலியம் அறியாதவர் என்று கூறியிரார். தாம் எழுத விரும்பிய நூலுக்குத் தம் மொழி போதவில்லை என்பதை அவரே உணர்ந்தார். நாற்பது அகவையைக் கடந்த பின்னர் மாணாக்கரானார்.

மக்களில் பெரும்பாலோர்க்குத் தேவைப்பட்டது வேறு. இத்தாலியத் தொலைக்காட்சியில் 1960 முதல் 1968 வரை அல்பெர்தோ மன்சி என்னும் ஆசிரியர் நடத்திய நிகழ்ச்சி, எழுத்தறியாத பெரியவர்க்கென்றே அமைந்தது. கற்பதற்குக் காலம் கடந்துவிடவில்லை என்னும் பொருளுடையது அதன் பெயர். பெரிய தாளில் கரிக்கோலால் படம் வரைந்து, படத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து எழுத்துக்கும் அவர் செல்வார். மன்ஸோனி நாடிய மொழியும் மன்சி புகட்டிய மொழியும் பெயரளவில் ஒன்றே.

ஆறு நிலைகளும் அவற்றின் பொருளும்

இன்று இத்தாலியம் கற்பிக்கும் நிறுவனங்களுள் பெரும்பாலானவை ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொது மேற்கோள் சட்டகத்தைப் பின்பற்றுகின்றன. சி.இ.எஃப்.ஆர். என்னும் பெயரில் நம் ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். மலேசியாவில் ஆங்கிலக் கல்விக்கென வகுக்கப்பெற்ற 2015 - 2025 வழிகாட்டித் திட்டமும் இதனையே அடிப்படையாகக் கொண்டது. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். ஏ1 நிலையினர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வர். ஏ2 நிலையினர் அன்றாடத் தேவைகளை எளிய தொடர்களால் நிறைவேற்றுவர். பி1 நிலையினர் பயணத்தில் நேரும் சூழல்களைத் தாமே சமாளிப்பர். பி2 நிலையினர் தம் துறை சார்ந்த உரையாடலில் பங்குபெறுவர். சி நிலைகள் கல்வி, பணி ஆகியவற்றில் மொழியைத் தடையின்றி ஆள்வோர்க்குரியன.

இந்நிலைகளுக்குச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களுள் இத்தாலியில் முதன்மையானவை நான்கு: சியேனா நகரின் அயல்நாட்டார் பல்கலைக்கழகம், பெருஜா நகரின் அயல்நாட்டார் பல்கலைக்கழகம், உரோமை மூன்றாம் பல்கலைக்கழகம், 1889இல் தோன்றிய தாந்தே அலிகியேரி கழகம். பல்கலைக்கழகங்களில் இத்தாலிய மொழிவழிப் பட்டக்கல்வி பெற விழையும் அயல்நாட்டு மாணாக்கரிடம் பொதுவாக பி2 நிலை எதிர்பார்க்கப்படுகிறது.

சட்டகத்தை வகுத்தோர் ஒன்றைத் தெளிவாகவே கூறியிருந்தனர். ஒருவர் படித்தலில் பி2 நிலையிலும் பேசுதலில் ஏ1 நிலையிலும் இருக்கலாம், அது குறைபாடன்று, பகுதித் திறனும் ஏற்கத்தக்க திறனே. 2020இல் வெளிவந்த துணைத்தொகுதி இக்கருத்தை மேலும் வலியுறுத்திற்று. கற்பவரின் திறன்களை மேடும் பள்ளமுமான ஒரு வரைபடமாகக் காண வேண்டும் என்பது அதன் நோக்கு. நடைமுறையில் நேர்ந்தது வேறு. வரைபடத்தைப் படிப்பதற்கு நேரம் வேண்டும். ஒற்றை எழுத்தையும் ஓர் எண்ணையும் படிவத்தில் எழுதுவது எளிது. சியேனாத் தேர்வில் பி1 முதல் மேற்பட்ட நிலைகளில் ஐந்து பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளிகள்; ஒவ்வொன்றிலும் குறைந்தது 11 பெற்றாக வேண்டும். பேசுதலில் 19 பெற்று எழுதுதலில் 10 பெறுபவர் அப்பகுதியை மீண்டும் எழுதித் தேறும்வரை சான்றிதழ் இன்றியே இருப்பார். அதே பல்கலைக்கழகம் தொடக்க நிலைகளில் சிறுவர்க்கு ஒன்று, வளரிளம் பருவத்தினர்க்கு ஒன்று, இத்தாலியில் குடியேறியோர்க்கு ஒன்று எனத் தனித்தனித் தேர்வுகளை வகுத்திருப்பது, நோக்கம் வேறுபடின் நிலையின் உள்ளடக்கமும் வேறுபடும் என்பதை அது அறிந்திருப்பதையே காட்டுகிறது.

கற்றலுக்கு வேண்டிய காலம் பற்றிய கணக்குகளும் இத்தகையனவே. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் இத்தாலியத்தை 24 முதல் 30 வாரங்களில் கற்கத்தக்க மொழிகளுடனும் தமிழை 44 வாரங்கள், அதாவது 1100 வகுப்பு மணிநேரம், தேவைப்படும் மொழிகளுடனும் வைத்துள்ளது. இதனை மேற்கோள் காட்டி இத்தாலியம் எளிது, தமிழ் கடினம் என்று கூறுவோர் உளர். இது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அரசதந்திரிகள், நாள் முழுவதும் வேறு பணியின்றிக் கற்று, அலுவல் நடத்தும் அளவிற்குத் திறன் பெறுவதற்கான கணக்கு. தமிழும் மலாயும் ஆங்கிலமும் அறிந்த கோலாலம்பூர்வாசி ஒருவர் வாரம் இரண்டு மணிநேரம் கற்பதற்கு இக்கணக்கு எவ்வகையிலும் பொருந்தாது.

தமிழர் நாவும் இத்தாலிய ஒலியும்

அத்தகைய ஒருவர் தொடக்க நிலையில் எதிர்கொள்வன யாவை என்பதைச் சிறிது விரிவாகக் காண்போம். தமிழர்க்கு இத்தாலியத்தில் சில வாய்ப்புகள் தாமாகவே கிட்டுகின்றன. ஆங்கிலேயர் பெரிதும் இடர்ப்படும் இரட்டை மெய் நமக்குத் தாய்ப்பாலுடன் வந்தது. 'சேதே' என்றால் தாகம். 'செத்தெ' என்றால் ஏழு. 'பாலா' என்றால் மண்வாரி. 'பல்லா' என்றால் பந்து. ஒற்றை மெய்யின் முன் அழுத்தம் பெறும் உயிர் நீளுதலும் இரட்டை மெய்யின் முன் குறுகுதலும் பாலையும் பல்லையும் வேறுபடுத்தி அறிந்த செவிக்குப் புதியன அல்ல. சொல்லின் இறுதியில் உயிர் நிற்பதும், வினைமுற்றே இடத்தையும் எண்ணையும் காட்டுதலால் எழுவாய் தோன்றாது நிற்பதும் நமக்கு இயல்பே. 'ஞ' என்னும் ஒலியைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. குளியலறையை 'பாஞ்ஞோ' என்று நம் மாணாக்கர் முதல் நாளிலேயே பிழையின்றிக் கூறுவர். மலாய் எழுத்துமுறை பயின்ற கண்ணுக்கு மற்றோர் உதவியும் உண்டு. 'ச' ஒலிக்கு மலாயில் வழங்கும் அதே உரோமன் எழுத்து, இத்தாலியத்தில் இகரத்திற்கும் எகரத்திற்கும் முன்னர் அவ்வாறே ஒலிக்கும். ஆனால் அகரத்திற்கு முன்னர் அது 'க' ஆகிவிடும். ஆகையால் வீட்டைக் குறிக்கும் 'காசா' என்னும் சொல்லைச் 'சாசா' என்று படிப்பது இங்குள்ள மாணாக்கர்க்கே உரிய பிழையாகும்.

இடர்ப்பாடுகளும் உள. வல்லின எழுத்து ஒன்றே சொல்லின் இடம் நோக்கி இருவகையாக ஒலிப்பது நம் மரபு. இத்தாலியத்திலோ சொல் முதலில் நிற்கும் அவ்விரு ஒலிகளும் பொருளை வேறுபடுத்துவன. மாவுணவைக் குறிக்கும் 'பாஸ்தா' என்னும் சொல்லின் முதலெழுத்தைப் 'பந்து' என்பதிற்போல அதிர்வுடன் ஒலித்தால் 'போதும்' என்று பொருளாகும். உணவகத்தில் இவ்விரண்டும் மாறுவது வேடிக்கையாக முடியலாம். இவற்றைத் தமிழெழுத்தில் எழுதினால் வேறுபாடே தெரியாது. ஆகையால் இத்தாலியச் சொற்களைத் தமிழில் எழுதிக்கொண்டு கற்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விடுவித்தல் நன்று என்பது நம் கருத்து.

எகர ஒகரங்களின் சிக்கல் இதனினும் நுண்ணியது. நாம் குறில், நெடில் எனக் கால அளவால் வேறுபடுத்துகிறோம். இத்தாலியர் அழுத்தம் பெறும் எகரத்தையும் ஒகரத்தையும் வாய் திறப்பின் அளவால் இவ்விரண்டாக வேறுபடுத்துகின்றனர். 'பெஸ்கா' என்னும் சொல் விரிந்த எகரத்துடன் ஒலித்தால் ஒரு பழத்தைக் குறிக்கும். குவிந்த எகரத்துடன் ஒலித்தால் மீன்பிடித்தலைக் குறிக்கும். எழுத்தில் இரண்டும் ஒன்றே. அன்றாட உரையாடலுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது அன்று. இத்தாலியின் பல பகுதி மக்களே இதில் ஒத்துப்போவதில்லை. சூழலைக் கொண்டு பொருள் விளங்கிவிடும். ஏ1 பாடநூல்கள் இதனைத் தொடாது விடுவதும் அதனாலேயே. ஆனால் கற்பவர் ஒரு பாடகராயின் என் செய்வது?

பாடுவோரும் படிப்போரும்

மேலைச் செவ்வியல் இசை பயில்வோர்க்கு இத்தாலியம் நூற்றாண்டுகளாகக் கட்டாயப் பாடம். நிக்கோலா வக்காய் 1832இல் இலண்டனில் வெளியிட்ட குரற்பயிற்சி நூல் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. பொருளற்ற அசைகளைக் கொண்டு குரலைப் பழக்கும் முறையை விடுத்து, மெத்தஸ்தாசியோவின் கவிதைகளையே பயிற்சிக்கு வைத்தார் வக்காய். இத்தாலியம் அறியாதவர் இசையுடன் மொழியின் ஒலியையும் முதல் பாடத்திலேயே பெற வேண்டும் என்பது அவர் எண்ணம். இத்தகைய மாணாக்கர் விரிந்த எகரத்தையும் குவிந்த எகரத்தையும் முதல் மாதத்திலேயே பிரித்தறிய வேண்டும். இரட்டை மெய்யை இசையின் நீட்சிக்குள் எங்கே நிறுத்துவது என்று அறிய வேண்டும். ஆனால் கடைக்குச் சென்று ரொட்டி வாங்கத் தெரியாவிடினும் அவர் பாட்டிற்குக் குறைவில்லை. அவர் கற்கும் சொற்களும் அங்காடிச் சொற்கள் அல்ல. நம்பிக்கைக்கு இன்று வழங்கும் சொல் 'ஸ்பெராந்சா', இசைநாடகத்தில் 'ஸ்பேமே'. உயிருக்கு இன்று 'ஆனிமா', இசைநாடகத்தில் 'ஆல்மா'. இசைநாடக நூல்களை மட்டும் கற்று உரோமைக்குச் செல்பவர், சங்கநூற் சொற்களால் தோசைக்குச் சொல்பவரை ஒத்திருப்பார். பொதுத் தேர்வு அவரை ஏ1 என்றும் மதிப்பிடாது. மேடையில் அவர் தேர்ந்த கலைஞர்.

இசைநாடகமும் மொழிக் கல்வியும் ஒருவரிடமே கூடிய வரலாறும் உண்டு. மொட்சார்ட்டின் மூன்று இசைநாடகங்களுக்கு உரை எழுதிய லொரென்சோ தா பொந்தே முதுமையில் நியூயார்க்கில் வாழ்ந்து, 1825இல் கொலம்பியா கல்லூரியின் முதல் இத்தாலியப் பேராசிரியரானார். அவர் கற்பிக்க விரும்பியது தம் நாட்டு இலக்கியத்தை.

இலக்கியம் படிக்கக் கற்போரின் நிலை பாடகரின் நிலைக்கு நேர்மாறானது. ஒலியில் அவர்கள் குறையுடையவராக இருக்கலாம். இலக்கணத்தின் ஒரு பகுதி அவர்க்கு உடனே வேண்டும். இத்தாலியத்தில் முடிந்த செயலைக் கூற இருவகை வினை உண்டு. 'செய்தேன்' என்பதைத் துணைவினை சேர்த்து 'ஓ ஃபாத்தோ' என்பது ஒன்று. ஒரே சொல்லால் 'ஃபேச்சி' என்பது மற்றொன்று. முன்னதை அண்மை இறந்தகாலம் எனவும் பின்னதைச் சேய்மை இறந்தகாலம் எனவும் அவர்கள் வழங்குவர். வட இத்தாலியப் பேச்சில் சேய்மை வடிவம் அருகிவிட்டது. ஆகையால் பாடநூல்கள் அண்மை வடிவத்தை ஏ நிலையிலேயே கற்பித்துவிட்டு, சேய்மை வடிவத்தைப் பி நிலைக்குத் தள்ளிவைக்கின்றன. பேச விரும்புவோர்க்கு இவ்வரிசை பொருத்தமானதே. ஆனால் கதை ஒன்றைத் திறந்தால் முதற்பக்கத்திலேயே 'திஸ்ஸே' என்னும் சொல் நிற்கும். 'கூறினான்' என்று பொருள். உரையாடல் உள்ள ஒவ்வொரு பக்கத்திலும் அது வரும். படிக்க வந்தவரை ஈராண்டு காக்க வைப்பதில் பொருளில்லை. சேய்மை வடிவத்தை அடையாளம் காண மட்டும் கற்பித்தால் போதும், தாமே ஆக்கிப் பேசவேண்டிய கட்டாயம் அவர்க்கு இல்லை.

படிப்போர்க்கு இத்தாலியம் தரும் ஒரு நன்மையையும் கூற வேண்டும். தே மௌரோ தொகுத்த அடிப்படைச் சொற்றொகை ஏறத்தாழ 7000 சொற்களைக் கொண்டது. அவற்றுள் 2000 முதன்மைச் சொற்கள். அம்முதன்மைச் சொற்களின் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளாகவே வழக்கில் வந்துவிட்டவை என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய செய்தித்தாளுக்காகக் கற்ற சொல் தாந்தேக்கும் உதவும். மைக்கேல் மதுசூதன தத்தர் பிரான்சில் வாழ்ந்த காலத்தில் இத்தாலியம் பயின்று, தாந்தேயின் அறுநூறாம் ஆண்டு நிறைவான 1865இல் வங்காளத்தில் ஒரு பதினான்கடிப் பாடல் இயற்றி இத்தாலிய மன்னர்க்கு அனுப்பினார். பெத்ரார்க்கா கையாண்ட பதினான்கடி யாப்பைத் தம் தாய்மொழிக்குக் கொணர்வது அவர் வேட்கையாக இருந்தது.

எந்தப் பயனும் கருதாது கற்போரும் உளர். வங்காளப் பெற்றோர்க்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எழுத்தாளர் ஜும்பா லாஹிரி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விட்டும் தொட்டும் இத்தாலியம் கற்று, 2012இல் உரோமைக்குக் குடிபெயர்ந்தார். 2015இல் இத்தாலியத்திலேயே ஒரு நூலும் 2018இல் ஒரு புதினமும் வெளியிட்டார். புகழ் தந்த ஆங்கிலத்தை விடுத்து, பிழை நேரும் என்று அறிந்தே மற்றொரு மொழியில் எழுதத் துணிந்தவரை எந்த நிலையில் வைப்பது? சட்டகத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

பலெர்மோவின் வீடுகளில்

இதுகாறும் கண்டோர் தம் நோக்கத்தைத் தாமே தேர்ந்தவர்கள். இனி நாம் காணவிருப்போர்க்கு அந்த உரிமை முழுமையாக இல்லை.

1983க்குப் பின்னர் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழருள் ஒரு பகுதியினர் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் நிலைபெற்றனர். அந்நகரின் காவற்புனிதையான ரொசாலியாவின் பெல்லெக்ரீனோ மலைக் கோவிலுக்குக் கிறித்தவர், சைவர் என்னும் வேறுபாடின்றித் தமிழர் ஏறிச்சென்று வழிபடுவதை அந்நகரத்தார் நன்கறிவர். இவர்களுள் பலர் வீட்டுப்பணியும் முதியோர் பராமரிப்பும் செய்து வாழ்பவர்கள். முதியோரைப் பேணுபவரை இத்தாலியர் 'பதாந்தே' என்பர். ஒரு பதாந்தேக்கு வேண்டிய மொழி எது? காய்ச்சல், இரத்த அழுத்தம், தலைச்சுற்றல், உணவுக்கு முன் எத்தனை சொட்டு, உணவுக்குப் பின் எத்தனை மாத்திரை, மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து முதியவரின் நிலையைத் தெளிவாகக் கூறுதல். இதில் பிழை நேரின் ஓர் உயிர்க்கு ஊறு நேரலாம். முதியவர் இத்தாலியத்தில் மட்டுமே பேசுவார் என்பதற்கும் உறுதி இல்லை. சிறுவனைப் 'பம்பீனோ' என்று பாடநூலில் கற்றவர் வீட்டில் 'பிச்சிரித்து' என்னும் சிசிலியச் சொல்லைக் கேட்பார். வட இத்தாலியப் பாடநூல் பின்னுக்குத் தள்ளிய சேய்மை இறந்தகாலத்தை, இன்று காலை நடந்ததைக் கூறவும் சிசிலியர் வழங்குவர். ஆகவே பலெர்மோவின் தமிழ்ப்பெண் தம் முதல் நாளிலேயே பி நிலை இலக்கணத்தைச் செவியுறுகிறார். அது பி நிலைக்குரியது என்பதை அவர்க்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்.

நீண்டகால வதிவுரிமை கோரும் அயல்நாட்டார் ஏ2 நிலைத் தேர்வு எழுத வேண்டும் என்னும் விதி 2010 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அத்தேர்வின் பகுதிகள் மூன்று: கேட்டறிதல், படித்தறிதல், எழுத்துவழித் தொடர்பு. தேறுவதற்கு 80 விழுக்காடு வேண்டும். பேசுதல் என்னும் பகுதி அதில் இல்லை. நாள் முழுவதும் பேச்சாலேயே பணிபுரியும் ஒருவரின் மொழித்திறனை, அவர் பேசுவதைக் கேளாமலே அளக்கும் தேர்வு இது. தாய்மொழியிலேயே குறைந்த பள்ளிக்கல்வி பெற்றவர், முதியவரின் பெருமூச்சுக்கும் பொருளறிந்தவராக இருப்பினும், படிவத்தை நிரப்புமிடத்தில் தடுமாறுவார். பல்கலைக்கழகத்தில் பயின்று அண்மையில் குடியேறிய மற்றொருவர், உரையாடலில் வாய் திறக்க இயலாதவராயினும் எளிதில் தேறிவிடுவார்.

2018இல் இயற்றிய சட்டத்தின்படி திருமணத்தாலோ வதிவாலோ குடியுரிமை வேண்டுவோர் பி1 நிலையை மெய்ப்பிக்க வேண்டும். நீண்டகால வதிவுரிமை பெற்றோர்க்கு விலக்கு உண்டு. அவ்வுரிமைக்கு வழி மேற்கூறிய ஏ2 தேர்வே என்பதால், பலருடைய வாழ்வில் அச்சிறு தேர்வின் முடிவு நெடுந்தொலைவு செல்கிறது. குடியேறுவோர் நாட்டின் மொழியைக் கற்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. அரசு கருதும் நோக்கம் அலுவலகத்துடன் எழுத்துவழித் தொடர்பு. கற்பவரின் நோக்கம் ஒரு வீட்டினுள் மதிப்புடன் பணிபுரிதல். ஏ2 என்னும் ஒரே பெயரால் இரண்டையும் குறிப்பதனால் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது போகிறது. பிறமொழியாளர்க்குத் தமிழ் கற்பிக்கும் நாமும் பேச்சுத்தமிழ் வேண்டி வந்த செவிலியர்க்கு முதலில் எழுத்துத்தமிழ்ப் புணர்ச்சி விதிகளை வைப்பதுண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

வீரமாமுனிவரின் மூன்று இலக்கணங்கள்

இச்சிக்கலை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து செயற்பட்ட ஓர் இத்தாலியரை நாம் நன்கறிவோம். 1680இல் மாந்தோவா நகரை அடுத்த கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி, 1711 அளவில் மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார். தேம்பாவணியும் சதுரகராதியும் இயற்றிய வீரமாமுனிவராகவே நம் வகுப்பறைகளில் அவர் போற்றப்படுகிறார். அவர் தமிழ் கற்றவர் என்பதைவிட, தமிழ் கற்போர் எத்தனை வகையினர் என்பதை அறிந்தவர் என்பதே ஈண்டு நமக்கு வேண்டுவது.

அவர் எழுதிய இலக்கணங்கள் மூன்று வகை மாணாக்கர்க்குரியன. மக்களோடு பேசவும் அவர்க்குப் போதிக்கவும் வேண்டிய புதிய குருமார்க்கெனக் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் 1728இல் எழுதி முடித்தார். இலக்கியம் கற்க விழையும் ஐரோப்பியர்க்கெனச் செந்தமிழ் இலக்கணத்தை, அதுவும் இலத்தீனில், 1730இல் எழுதினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் தமிழிலேயே கூறும் தொன்னூல் விளக்கம், தமிழ் மரபில் ஊன்றிக் கற்போர்க்கானது. ஒரு நூலையே எளிமையாகவும் கடினமாகவும் மும்முறை எழுதினார் என்று இதனைக் கொள்ளுதல் பிழையாகும். கொடுந்தமிழ் நூலைக் கற்றுத் தேர்ந்தவர் செந்தமிழ் நூலுக்கு ஏறியே ஆக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஊர்தோறும் சென்று பணியாற்றுவோர் முதல் நூலோடு நின்று தம் கடமையைச் செவ்வனே ஆற்றலாம். கற்பிக்கும் மொழியையும் அவர் நோக்கம் கருதியே தேர்ந்தார்.

எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் எழுத்திலேயே பிரித்தறிய நெடிலுக்குச் சுழியமைத்தவரும் அவரே என்பது நம் மாணாக்கர் அறிந்த செய்தி. தம் தாய்மொழியில் இருவகை எகரத்திற்கும் ஒரே எழுத்து வழங்க, தாம் கற்ற மொழியில் அக்குறையைத் தீர்த்தது வியப்பிற்குரியது.

அம்மூன்றனுள் அச்சேறிய வரலாறும் நோக்கத்தக்கது. செந்தமிழ் இலக்கணம் நெடுங்காலம் ஏட்டுப்படியாகவே இருந்து, பாபிங்டன் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1822இல்தான் வெளிவந்தது. கொடுந்தமிழ் இலக்கணமோ ஆசிரியர் வாழ்ந்த காலத்திலேயே, 1738இல், தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அச்சிட்டவர்கள் அவர் கடுமையாகச் சொற்போர் புரிந்த உலூத்தரன் சபையார். சமயத்தில் அவரோடு முரண்பட்ட அவர்களுக்கும் மறுநாட்காலை தெருவில் மக்களிடம் பேச வேண்டியிருந்தது.